இயங்குபடங்களில் பெண் பாத்திரங்கள்: குரலும் மௌனமும்

முன்னுரை

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பர். அவ்விலக்கியத்திடம் கதையையும், ஓவியத்திடம் வடிவையும், இசையிடம் உணர்ச்சியையும் பெற்று வளர்ந்த கலை இயங்குபடக் கலையாகும். மக்கள் வழக்கில் இது கார்ட்டூன் படம் எனப்படும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்னரே ஒரு குழந்தை கண்டும் கேட்டும் மகிழும் கதைநூல் இன்று பெரும்பாலும் இதுவே. அமெரிக்காவில் ஆக்கப்பட்ட இப்படங்கள் தொலைக்காட்சி வாயிலாகத் தமிழ்க் குரலிலும் நம் இல்லங்களுக்குள் வருகின்றன. ஆதலின் இவற்றைச் சிறுவர் விளையாட்டு என ஒதுக்கிவிடுதல் இயலாது.

நடிகர் நடிக்கும் திரைப்படத்தில் நடிகையின் முகமும் உடலும் இயற்கை தந்தவை. இயங்குபடத்திலோ கண்ணின் அளவு, இடையின் சுற்று, நடையின் சாயல் ஆகிய யாவும் ஒருவர் எண்ணி முடிவு செய்து வரைந்தவை. தற்செயலாக அமைந்தது என்று அங்கு எதுவும் இல்லை. எனவே, இப்படங்களில் பெண் காட்டப்படும் முறை, பெண் எவ்வாறு இருத்தல் வேண்டும் என ஆக்கியோர் கருதிய முறையேயாகும்.

ஒரே வார்ப்பில் மீண்டும் மீண்டும் ஊற்றி எடுக்கப்படும் உருவத்தை வார்ப்புரு எனலாம். அச்சம், நாணம், மடம் என்பனவற்றைப் பெண்ணுக்குரிய குணங்களாகத் தொல்காப்பியம் வகுத்துரைப்பது நம் மரபில் உள்ள ஒரு வார்ப்புரு. ஆதலின் வார்ப்புரு அயலார்க்கு மட்டுமே உரியதன்று. எனினும், உலகெங்கும் ஒரே நேரத்தில் பல கோடிக் குழந்தைகளைச் சென்றடையும் ஆற்றல் இயங்குபடத்திற்கு உண்டு. ஆகவே அதன் வார்ப்புருக்கள் தனித்து ஆராயத்தக்கன.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் ஆக்கிய அரசிளங்குமரிக் கதைகளை முதன்மையாகக் கொண்டு, பிறர் படங்களை ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொண்டு, இக்கட்டுரை மூன்று வினாக்களை எழுப்புகிறது. பெண் எவ்வாறு வரையப்படுகிறாள்? பெண் என்ன செய்கிறாள்? பெண் எவ்வளவு பேசுகிறாள்? முதல் இரண்டு வினாக்களைப் பலரும் எழுப்பியுள்ளனர். மூன்றாவது வினாவே மொழி பயில்வோர்க்கு நெருக்கமானது.

கத்தரியும் தூரிகையும்

இன்று கிடைக்கும் முழுநீள இயங்குபடங்களுள் மிகப் பழமையானது 1926ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளிவந்த 'இளவரசன் அஹ்மதின் வீரச்செயல்கள்' என்பதாகும். இதனை ஆக்கியவர் லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி. கருந்தாளைக் கத்தரியால் வெட்டி, உறுப்புகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளிபாய்ச்சிய கண்ணாடிமீது கிடத்தி, சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து அவர் இதனை உருவாக்கினார். இப்பணி 1923 முதல் மூன்று ஆண்டுகள் நடைபெற்றது. கதைக்கு மூலம் 'ஆயிரத்தொரு இரவுகள்'. ஆக, இக்கலையின் முழுநீள வரலாற்றில் இன்று எஞ்சியிருக்கும் முதற்படியே ஒரு பெண்ணின் கைவண்ணம் என்பதும், அது கீழைநாட்டுக் கதைக் கருவூலத்திலிருந்து எழுந்தது என்பதும் எண்ணி மகிழத்தக்கன.

இப்படத்தில் அழகற்ற ஒரு சூனியக்காரி வருகிறாள். மந்திரவாதியை எதிர்த்துப் போரிட்டு நாயகனைக் காப்பவள் அவளே. அழகிலாள் தீயவள் என்னும் வார்ப்புரு இங்குத் தகர்கிறது. ஆயின், நாயகியான பரிபானுவோ கவர்ந்து செல்லப்படுதலும் மீட்கப்படுதலுமாகவே படம் முழுதும் காணப்படுகிறாள். ஆக்கியோர் பெண் என்பதனால் மட்டும் வார்ப்பு உடைந்துவிடாது என்பது இதனால் பெறப்படும்.

அமெரிக்காவிலோ நிலைமை வேறு. டிஸ்னி நிறுவனத்தில் ஆடவர் வரைந்த கோட்டோவியங்களைக் கண்ணாடி போன்ற தாள்களில் படியெடுத்து வண்ணம் தீட்டும் பணி பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஓவியப் பயிற்சி வேண்டி விண்ணப்பித்த ஓர் இளம்பெண்ணுக்கு 1938ஆம் ஆண்டு அந்நிறுவனம் விடுத்த மறுமொழிக் கடிதம் இன்றும் பேசப்படுகிறது. படைப்புப் பணியை இளைஞர்களே செய்வர், பெண்களுக்கு அதில் இடமில்லை என்பது அக்கடிதத்தின் சாரம். பெண்ணின் உருவத்திற்கு வண்ணம் இட்டவர் பெண்கள். அவ்வுருவம் எவ்வாறு அமைதல் வேண்டும் என முடிவு செய்தவர் ஆடவர். இவ்வுண்மையை மனத்திற்கொண்டே பின்வரும் படங்களை நோக்குதல் வேண்டும்.

காத்திருக்கும் மகளிர்

1937ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' டிஸ்னியின் முதல் முழுநீளப் படமாகும். 1950இல் 'சின்ட்ரெல்லா'வும், 1959இல் 'தூங்கும் அழகி'யும் வெளிவந்தன. இம்மூன்றிலும் பொதுவாய் அமைந்த கூறுகள் சில உள.

முதலாவது, அழகே அறம் என்பது. நாயகியின் நற்குணத்திற்குச் சான்று அவளது முகமே. மாற்றாந்தாய் அவளை வெறுப்பதற்குக் காரணமும் அம்முகமே. இரண்டாவது, வீட்டுவேலையே தகுதி என்பது. காட்டில் அடைக்கலம் தேடி ஓடிவரும் ஸ்னோ ஒயிட், ஆளில்லாத குடிசையைக் கண்டவுடன் கூட்டித் துடைத்துத் தூய்மை செய்கிறாள். சமைத்தும் துவைத்தும் தருவதாகச் சொல்லியே அங்குத் தங்கும் உரிமையைப் பெறுகிறாள். மூன்றாவது, காத்திருத்தலே செயல் என்பது. இருவர் உறங்குகின்றனர், மற்றொருத்தி காலணியோடு ஒருவர் வருவார் எனக் காத்திருக்கிறாள்.

நான்காவது கூறு இவற்றினும் நுண்ணியது. அதிகாரம் உடைய முதிய பெண் தீயவளாகவே வருகிறாள். ஸ்னோ ஒயிட்டின் அரசி, சின்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய், தூங்கும் அழகியைச் சபிக்கும் சூனியக்காரி ஆகிய மூவரும் தாமே திட்டமிடுபவர், தாமே முடிவெடுப்பவர். இளமையும் பணிவும் ஒருபுறம்; முதுமையும் ஆற்றலும் மறுபுறம். பெண் அறிவோடு செயற்பட்டால் அது சூழ்ச்சியாகவே முடியும் என்பதே குழந்தை மனத்தில் பதியும் பாடம். இதற்கு இணையாக நாயகியரின் பெற்ற தாய் கதையில் இடம்பெறாமையும் கருதத்தக்கது. ஸ்னோ ஒயிட், சின்ட்ரெல்லா, பின்வந்த ஏரியல், பெல், ஜாஸ்மின் ஆகிய ஐவருக்கும் படத்தில் தாய் இல்லை. தன் மகளுக்கு அறிவுரை கூறும் ஒரு நல்ல தாயைக் காண இப்படங்களில் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வார்ப்புருக்கள் யாவும் பழங்கதையிலிருந்து வந்தவை. படம் எடுத்தோரைக் குறைகூறல் ஆகாது எனச் சிலர் வாதிடுவர். மூலக்கதைகளை ஒப்புநோக்கின் இவ்வாதம் முழுமையாக நிற்பதில்லை. கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட முதற்பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். இளவரசன் முத்தமிட்டு எழுப்பினான் என்பதும் அக்கதையில் இல்லை. பேழையைச் சுமந்து சென்றோர் இடறியதால் தொண்டையில் சிக்கிய நச்சுக்கனித் துண்டு வெளிப்பட்டு அவள் உயிர் பெறுகிறாள். ஆகவே, தீய மாற்றாந்தாய் ஒரு பதிப்பாசிரியரின் தேர்வு. உயிர்தரும் முத்தம் ஒரு படநிறுவனத்தின் தேர்வு. மரபு என்று நாம் கருதுவன பலவும் எவரோ ஒருவர் ஒருநாள் செய்த தேர்வுகளே என்பதை இவ்வொப்பீடு தெளிவுறுத்துகிறது.

குரலை ஈந்த கடற்கன்னி

முப்பது ஆண்டுகள் கழித்து 1989இல் வெளிவந்த 'சின்னக் கடற்கன்னி' புதிய பெண்ணைக் காட்டுவதாகப் பாராட்டப்பட்டது. நாயகி ஏரியல் காத்திருப்பவள் அல்லள். தந்தையின் தடையை மீறுகிறாள். மூழ்கிய கப்பல்களில் பொருள் தேடித் திரிகிறாள். இளவரசனைக் காணும் முன்னரே மனிதர் உலகை அறியும் வேட்கை அவளுக்கு உண்டு. புயலில் மூழ்கும் இளவரசனைக் காப்பாற்றுபவளும் அவளே. இவையெல்லாம் உண்மையே.

ஆயின், கதையின் மையத்தில் நிகழ்வது யாது? கால்களைப் பெறுவதற்காகத் தன் குரலைக் கடல்சூனியக்காரியிடம் கொடுத்துவிடுகிறாள். மூன்று நாள்களுக்குள் இளவரசனின் முத்தத்தைப் பெற்றாக வேண்டும். குரல் இன்றி எவ்வாறு அவன் மனத்தைப் பெறுவேன் எனக் கலங்கும் அவளிடம், அழகிய முகமும் உடல்மொழியும் போதும், பேசும் பெண்ணை ஆடவர் விரும்பார் என்னும் கருத்துப்பட அச்சூனியக்காரி பாடுகிறாள். இதனைச் சொல்பவள் தீயவள் என்பது உண்மை. எனினும் கதை அவள் கூற்றை மறுக்கவில்லை. குரலற்ற அம்மூன்று நாள்களில் இளவரசன் அவளிடம் மனம் நெகிழவே செய்கிறான்.

ஆண்டர்சன் 1837இல் எழுதிய மூலக்கதை இதனினும் கொடியது; எனினும் இதனினும் உயர்ந்தது. அங்குக் கடற்கன்னி விழைவது இளவரசனை மட்டுமன்று, அழிவில்லா ஆன்மாவையும் ஆகும். நாவை இழந்து, கத்திமேல் நடப்பது போன்ற வேதனையோடு ஒவ்வோர் அடியும் வைக்கிறாள். இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் தான் பிழைக்கலாம் என்ற நிலையிலும் அவள் கொல்ல மறுக்கிறாள். இறுதியில் காற்றின் மகளிருள் ஒருத்தியாகி, முந்நூறு ஆண்டு நற்செயலால் ஆன்மாவை ஈட்டும் வாய்ப்பைப் பெறுகிறாள். அங்குக் குரலின் இழப்பு ஒரு பெருந்துயர். படத்திலோ அது திருமணத்திற்குச் செல்லும் வழியில் ஓர் இடையூறு மட்டுமே. ஆன்மாவைத் தேடியவள் மணமகளாக மட்டும் சுருக்கப்பட்டாள் எனலாம்.

பேச்சின் அளவு

பெண் பாத்திரங்கள் எவ்வளவு பேசுகின்றனர் என்பதைக் கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்னும் மொழியியலார் இருவர் கணக்கிட்டனர். 2016இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு முடிவுகள் வியப்பளிப்பன. ஒவ்வொரு படத்திலும் பேசப்படும் சொற்களுள் பெண்பாத்திரங்கள் பேசுவன ஏறத்தாழ வருமாறு:

ஸ்னோ ஒயிட் (1937) – 50 விழுக்காடு
சின்ட்ரெல்லா (1950) – 60 விழுக்காடு
தூங்கும் அழகி (1959) – 71 விழுக்காடு
சின்னக் கடற்கன்னி (1989) – 32 விழுக்காடு
அழகியும் விலங்கும் (1991) – 29 விழுக்காடு
அலாவுதீன் (1992) – 10 விழுக்காடு
பொகாஹொன்டஸ் (1995) – 24 விழுக்காடு
முலான் (1998) – 23 விழுக்காடு

காலம் முன்னேற முன்னேறப் பெண்ணின் பேச்சு பெருகும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நிகழ்ந்ததோ மாறானது. பெண் அடங்கியிருந்த பழைய படங்களில் பெண்கள் மிகுதியாகப் பேசினர். பெண் துணிந்து எழுந்த புதிய படங்களில் ஆடவர் பேச்சே மேலோங்கியது. இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது?

பழைய படங்களில் பாத்திரங்கள் சிலவே. அவற்றுள் அரசி, மாற்றாந்தாய், தேவதையர் எனப் பெண்கள் பலர். 'தூங்கும் அழகி'யில் 71 விழுக்காடு என்பது நாயகியின் பேச்சன்று. நூற்கதிரின் முனையைத் தொட்டபின் படம் முடியும்வரை அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அப்படத்தில் பேசுபவர்களும், இளவரசனைச் சிறைமீட்டு வாளும் கேடயமும் தருபவர்களும் முதியோரான மூன்று தேவதையரே. ஆகவே சொற்களின் எண்ணிக்கை ஒன்றைக்கொண்டே பெண்ணின் மதிப்பை அளந்துவிடுதல் இயலாது. யார், யாரிடம், எதைப்பற்றிப் பேசுகிறார் என்பதும் நோக்கப்படுதல் வேண்டும்.

1989க்குப் பிந்தைய படங்களிலோ துணைப்பாத்திரங்கள் பெருகின. நண்பர், அமைச்சர், காவலர், கடைக்காரர், ஊர்மக்கள், பேசும் விலங்குகள் எனப் புதிதாகப் படைக்கப்பட்டோருள் பெரும்பாலோர் ஆடவரே. குறிப்பிட்ட காரணம் இன்றேல் ஒரு பாத்திரம் ஆணாகவே இருக்கும் என்னும் பழக்கத்தின் விளைவு இது. தந்தைக்கு மாற்றாகப் போர்க்களம் சென்று நாட்டைக் காக்கும் முலானின் கதையிலேயே, அவளுக்குத் துணையாக வரும் சிறு நாகம் அவளைவிட மிகுதியாகப் பேசுகிறது. வாளேந்தும் உரிமை அவளுக்குக் கிடைத்தது. சொல்லேந்தும் உரிமை நாகத்திற்குச் சென்றது.

பாராட்டுரைகளையும் அவ்வாய்வாளர் வகைப்படுத்தினர். 1937 முதல் 1959 வரையிலான மூன்று படங்களில் பெண்களுக்குக் கிடைத்த பாராட்டுகளுள் 55 விழுக்காடு தோற்றம் பற்றியவை. திறமை பற்றியவை 11 விழுக்காடே. 1989க்குப் பிந்தைய பத்தாண்டில் தோற்றம் பற்றியவை 38 விழுக்காடாகவும், இந்நூற்றாண்டுப் படங்களில் 22 விழுக்காடாகவும் குறைந்தன. திறமை பற்றியவை 40 விழுக்காடாக உயர்ந்தன. பேச்சின் அளவு சரிந்த காலத்தும் பாராட்டின் தன்மை உயர்ந்துள்ளது. மாற்றம் ஒரே நேர்க்கோட்டில் நிகழ்வதன்று என்பது இதனால் புலனாகும்.

ஷஹ்ரஜாதின் பேத்தி

மேற்கண்ட பட்டியலில் மிகக் குறைந்த அளவு 'அலாவுதீன்' படத்திற்குரியது. சொற்களுள் பத்தில் ஒரு பங்கே பெண்களுக்குரியது. இது தனித்து நோக்கற்பாலது.

'ஆயிரத்தொரு இரவுகள்' நூலின் சட்டகக் கதை யாவரும் அறிந்ததே. நாள்தோறும் ஒரு பெண்ணை மணந்து மறுநாள் கொன்றுவிடும் மன்னனுக்கு முன், ஷஹ்ரஜாத் கதை சொல்லத் தொடங்குகிறாள். அவள் சொல்லின் ஆற்றலால் அவளும் பிழைக்கிறாள். அந்நாட்டுப் பெண்களும் பிழைக்கின்றனர். பெண்ணின் பேச்சே உயிர்காக்கும் கருவி என்பதனைத் தன் அடித்தளமாகக் கொண்ட நூல் அது. அந்நூலின் பெயரால் வழங்கும் ஒரு கதையைப் படமாக்கியபோது பெண்ணுக்குப் பத்தில் ஒரு பங்குப் பேச்சே கிட்டியது. ஷஹ்ரஜாதின் பேத்தி வாய்மூடி நிற்கிறாள்.

அலாவுதீன் கதை பழைய அரபுச் சுவடிகளில் இல்லை. சிரியாவின் ஹலப் நகரத்தவரான ஹன்னா தியாப் கூறக்கேட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைத் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தார். அக்கதை சீன நாட்டில் நிகழ்வது. நாயகியின் பெயர் பத்ருல் புதூர். படத்திலோ நிலம் அரபு நாடாகவும் பெயர் ஜாஸ்மினாகவும் மாறின. மூலக்கதையில் மந்திரவாதியின் கிண்ணத்தில் மருந்தைக் கலந்து கொடுத்து அவனை வீழ்த்துபவள் இளவரசியே. படத்தில் அவள் செய்வது அவன் கவனத்தைச் சற்றே திசைதிருப்புதல் மட்டும். உடனே மணற்குடுவைக்குள் அடைபட்டு, மீட்கப்படக் காத்திருக்கிறாள்.

ஜாஸ்மின் அறிவற்றவள் அல்லள். தான் வென்று பெறத்தக்க பரிசுப்பொருள் அல்லள் என அவள் சினந்து கூறும் காட்சி பாராட்டுக்குரியதே. எனினும் அவள் வழியாக முஸ்லிம் பெண்ணைப் பற்றிய இரு வார்ப்புருக்கள் ஒருங்கே பதிகின்றன. ஒன்று, உடல் தெரியும் ஆடையணிந்த கீழைநாட்டு அழகி. மற்றொன்று, மாளிகையில் அடைபட்ட கூண்டுக்கிளி. ஒன்று காட்சிப்பொருள்; மற்றொன்று இரக்கப்பொருள். இவ்விரண்டுமே அவளைச் சிந்திக்கும் உயிராகக் காட்டுவன அல்ல. குறித்த நாளுக்குள் இளவரசன் ஒருவனை மணந்தே தீரவேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் இருப்பதாகவும் படம் கூறுகிறது. மணமகளின் இசைவு இன்றித் திருமணம் செய்வித்தல் ஆகாது என்பது நபிமொழிகளில் வலியுறுத்தப்படும் நெறி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பட்ட நபிமொழிகள் 2,210 என மரபு கணக்கிடும். பெண்ணின் சொல்லைச் சான்றாக ஏற்றுத் தன் அறிவு மரபைக் கட்டிய ஒரு சமுதாயம், திரையில் பேச்சற்ற பெண்ணைக் கொண்டே உலகிற்கு அறிமுகமாவது வருந்தத்தக்கது.

அதே வேளையில் பழியை முழுவதும் பிறர்மேல் சுமத்துதல் நேர்மையன்று. படத்தின் தொடக்கப் பாடலில் அரபு மக்களை இழித்த வரிகளை அமெரிக்க அரபு அமைப்பினர் எதிர்த்தனர். 1993இல் அவ்வரிகள் மாற்றப்பட்டன. எதிர்த்துப் பேசியோர் இருந்தமையால் மாற்றம் நிகழ்ந்தது. நம் இல்லங்களில் பெண்பிள்ளையின் பேச்சுக்கு நாம் எத்தனை பங்கு அளிக்கிறோம் என்னும் வினாவிற்கு விடை கூறிய பின்னரே பத்து விழுக்காட்டைப் பற்றிக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டாகும்.

உடையும் வார்ப்புகள்

1991இல் வந்த 'அழகியும் விலங்கும்' நூல் படிக்கும் நாயகியைத் தந்தது. இதன் திரைக்கதையை எழுதிய லிண்டா உல்வர்டன், டிஸ்னி முழுநீள இயங்குபடத்திற்குத் திரைக்கதை எழுதிய முதற்பெண் ஆவார். 2012இல் வந்த 'பிரேவ்' தாய்க்கும் மகளுக்கும் இடையே எழும் பிணக்கைக் கதைப்பொருளாக்கியது. தாயில்லா மகளிரின் நீண்ட வரிசைக்குப் பின் மகளோடு வாதிடும் ஒரு தாய் இங்குத் தோன்றினாள். இதில் பெண்களின் பேச்சு 74 விழுக்காடு. இக்கதையைக் கருக்கொண்ட பிரெண்டா சாப்மன், பணி நடந்துகொண்டிருக்கும்போதே இயக்குநர் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். எனினும் இணை இயக்குநராக 2013இல் ஆஸ்கர் விருதைப் பெற்றார்.

அப்படத்தின் நாயகி மெரிடா வில்லேந்தியவள், கலைந்த சுருள்முடியினள். 2013இல் அரசிளங்குமரியர் வரிசையில் அவளைச் சேர்த்தபோது வெளியிட்ட படத்தில் இடை மெலிந்திருந்தது, வில்லும் காணப்படவில்லை. இதனை எதிர்த்து இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கதையில் உடைந்த வார்ப்பு வணிகத்தில் மீண்டும் ஒட்டப்படும் என்பதற்கு இது சான்று. 2013இல் வந்த 'ஃபுரோசன்' படத்தில் உயிர்காக்கும் அன்பு இளவரசனுடையதன்று, உடன்பிறந்தாளுடையது. எனினும் இரு நாயகியர் உள்ள அப்படத்திலும் பெண்களின் பேச்சு 41 விழுக்காடே. 2016இல் வந்த 'மோனா' காதலன் என ஒருவனே இல்லாத கடற்பயணக் கதையாக அமைந்தது.

டிஸ்னிக்கு அப்பாலும் வேறு வழிகள் இருந்தன. ஏரியல் குரலைக் கொடுத்த அதே 1989ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹயாவோ மியாசகி 'கிகி' என்னும் பதின்மூன்று வயதுச் சூனியக்காரியின் கதையைப் படமாக்கினார். அவள் எவரையும் சபிப்பவள் அல்லள். புதிய ஊருக்குத் தனியே சென்று, துடைப்பத்தில் பறந்து பொருள்களைக் கொண்டுசேர்க்கும் தொழிலால் வாழ்பவள். அவளுக்கு உதவுவோர் ரொட்டிக் கடை நடத்தும் பெண், ஓவியம் வரையும் இளம்பெண், முதிய அம்மையார் எனப் பெண்களே. ஒரே ஆண்டில் ஒரு நாட்டில் சூனியக்காரி குரலைப் பறித்தாள். மற்றொரு நாட்டில் சூனியக்காரி உழைத்து உண்டாள்.

2013இல் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் தொடங்கிய 'புர்கா அவெஞ்சர்' தொடரின் நாயகி ஓர் ஆசிரியை. பெண்கள் பள்ளியை மூட முயல்வோரை அவள் எதிர்க்கிறாள். அவளுடைய படைக்கலன்கள் நூலும் எழுதுகோலும். 2017இல் நோரா டூமி இயக்கிய 'தி பிரெட்வின்னர்' தாலிபான் ஆட்சிக்கால காபூல் நகரைக் களமாகக் கொண்டது. ஆசிரியராய் இருந்த தந்தை சிறைப்பட, ஆடவர் துணையின்றிப் பெண்கள் வெளியேற இயலாத நிலையில், சிறுமி பர்வானா முடியை வெட்டிச் சிறுவன் கோலத்தில் உழைக்கச் செல்கிறாள். எழுத்தறியாதவர்க்குக் கடிதம் படித்துக் காட்டுகிறாள். இரவில் தம்பிக்குக் கதை சொல்கிறாள். அக்கதையே அச்சமிகு வேளையில் அவளுக்கு ஊன்றுகோலாகிறது. ஷஹ்ரஜாதின் உண்மையான பேத்தியை இவளிடம் காணலாம்.

தொகுப்புரை

இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. இயங்குபடத்தில் பெண்ணின் உருவம் முழுமையும் ஆக்கியோரின் தேர்வே. அத்தேர்வில் நெடுங்காலம் பெண்களுக்குப் பங்கு மறுக்கப்பட்டது.

2. மரபு எனக் காட்டப்படும் வார்ப்புருக்கள் பல மூலக்கதையில் இல்லாதவை அல்லது பிற்காலத்தில் மாற்றப்பட்டவை.

3. நாயகியின் துணிவு வளர்ந்த காலத்தில் பெண்களின் பேச்சு குறைந்தது. செயலுரிமையும் சொல்லுரிமையும் ஒன்றாகவே வளரும் எனக் கொள்ளுதல் கூடாது.

4. முஸ்லிம் பெண்ணைக் காட்சிப்பொருளாகவும் இரக்கப்பொருளாகவும் காட்டும் வார்ப்புருவுக்கு, நூலேந்திய பர்வானா போன்ற பாத்திரங்கள் தக்க மறுமொழியாகும்.

முடிவுரை

விடை தெரிந்திருந்தும் எழுந்து சொல்லாத மாணவியை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிவர். தேர்வுத்தாளில் அவள் எழுதும் விடை முதல்தரமானது. வகுப்பறையில் அவள் குரல் ஒருமுறையும் கேட்டிராது. நாணம் என நாம் அதற்குப் பெயரிட்டுப் பாராட்டவும் செய்கிறோம். அம்மௌனம் ஒரே நாளில் தோன்றியதன்று. வீடு, தெரு, பள்ளி, திரை ஆகிய நான்கும் சேர்ந்து சிறுகச் சிறுகக் கற்பித்தது. மற்ற மூன்றையும் உடனே மாற்றுதல் அரிது. திரையைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்பித்தல் எளிது. இன்று பார்த்த படத்தில் யார் மிகுதியாகப் பேசினார், பெண்கள் தமக்குள் எதைப்பற்றிப் பேசினர், இக்கதையை நீ சொன்னால் எவ்வாறு முடிப்பாய் என மூன்று வினாக்களைப் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளிடம் கேட்டால் போதும்.

ஓதும்படி பணித்தலே இறைச்செய்தியின் தொடக்கமாக அமைந்தது என்பதை நாம் அறிவோம். அப்பணிப்பு ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் பிரித்துரைக்கப்படவில்லை. ஓதுதற்கு நா வேண்டும். அந்நாவை எதன்பொருட்டும் எவரிடமும் கொடுத்துவிடத் தேவையில்லை என நம் பெண்மக்களுக்குச் சொல்லுதல் நம் அனைவரின் கடமையாகும்.